வாக்கு எண்ணிக்கைக்கு முந்தைய நாள், கிட்வாய் நகரில்

வாக்கு எண்ணிக்கை பார்க்க டெல்லி வரை போவார்களா என்று கேட்காதீர்கள். நான் போனேன். சென்னையில் நாங்கள் நான்கு பேர் தேர்தல் கணிப்பு செய்கிறோம். ஒவ்வொரு வாக்குச்சாவடியின் பழைய முடிவோடு புதிய சர்வேயைச் சேர்த்து, தொகுதி யாருக்கு என்று சொல்வது எங்கள் வேலை. டெல்லித் தேர்தலுக்காக முதன்முதலாக ஒரு டிவி சேனல் எங்களைக் கூப்பிட்டிருந்தது. ஸ்டூடியோவில் உட்கார வேண்டியவள் நான். ரயிலிலும் லேப்டாப்பில் எண்களைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

டெல்லியில் மும்முனைப் போட்டி, கணிப்பவர்களை அது தூங்கவிடாது. இரண்டே கட்சி என்றால் ஒருவர் இழப்பது மற்றவருக்குப் போகும். மூன்றாவது கட்சி கரைந்தால் அந்த வாக்குகள் எந்தப் பக்கம் சாயும்? பழைய முடிவை வைத்துத்தான் ஊகிக்க முடியும்.

புதுடெல்லி ரயில் நிலையத்திலிருந்து மஞ்சள் வழி மெட்ரோ பிடித்தால் வண்டி மாறாமல் ஐ.என்.ஏ. நிலையத்தில் இறங்கலாம். பக்கத்திலேயே இருக்கும் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கினேன் (நம்மூர்ச் சாமான் எல்லாம் கிடைக்கும், விலையைக் கேட்டு மயங்க வேண்டாம்). அங்கிருந்து கிட்வாய் நகருக்கு ஆட்டோ ஐம்பது ரூபாய். பெரியப்பா மகள் உமா அக்கா வீடு அங்கேதான். அத்தானுக்கு மத்திய அரசு வேலை.

பால்கனியிலிருந்து பார்த்தால் பக்கத்துக் காலனி முழுக்கப் புத்தம் புது அடுக்குமாடி.

"இங்க பழைய கவர்மென்ட் குவார்ட்டர்ஸ் இருக்குமேக்கா?"

"அதையெல்லாம் இடிச்சாச்சுடி. இருந்தவங்களை எங்கெங்கயோ அனுப்பிட்டாங்க. இப்ப எல்லாம் புது ஆளுங்க. அச்சா, ஜல்தி கை கழுவிட்டு வா, சாதம் ஆறுது."

சாதத்தைத் தள்ளி வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். எங்கள் கணக்கில் அந்தக் காலனிச் சாவடிகளின் பழைய வாக்குகள் அப்படியே இருந்தன. இந்த முறை ஓட்டுப் போட்டவர்கள்தான் வேறு. அந்தத் தொகுதியில் எங்கள் கணிப்பே அந்தக் காலனியின் பழைய வாக்குகளை நம்பித்தான் நின்றது.

சென்னைக்குப் போன் செய்து எங்கள் குழுத் தலைவர் ராகவன் சாரிடம், "சார், இங்க ஒரு காலனியையே இடிச்சு ஆளுங்களை மாத்திட்டாங்க, இந்த ஒரு தொகுதிக்கு மட்டும் தெரியலன்னு சொல்லிடறேன்" என்றேன்.

"தெரியலன்னு சொல்றதுக்கா உன்னைக் கூப்பிட்டிருக்காங்க? அடுத்த தேர்தலுக்கு நம்மளைச் சீண்டக்கூட மாட்டாங்கம்மா."

மறுநாள் காலை தொகுப்பாளர் நேராக அந்தத் தொகுதியைத்தான் கேட்டார். "சொல்ல முடியாது" என்றேன். அவர் சிரித்துவிட்டு அடுத்தவர் பக்கம் திரும்பினார்.

மதியம் முடிவு வந்தது. எங்கள் பழைய கணக்கு சொன்ன கட்சியே ஜெயித்திருந்தது. "நம்ம கணக்கு சரியாத்தானேம்மா இருந்துச்சு" என்று சார் போனை வைத்தார். அது குருட்டு அதிர்ஷ்டம் என்று விளக்க எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. சேனலிலிருந்து இதுவரை அழைப்பும் இல்லை.

எண்ணிக்கை நாளில் டெல்லியில் இருந்தால் மெட்ரோவையே நம்புங்கள், கட்சி அலுவலகங்கள் பக்கம் சாலையை அடைத்துவிடுவார்கள். கணிப்பு செய்பவர்கள் கணக்குப் போடுவதற்கு முன்பே போய்த் தெருத்தெருவாகச் சுற்றிப் பாருங்கள். அன்று நான் சொன்னது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அடுத்த முறை யாராவது கூப்பிட்டு இதே மாதிரி கேட்டால், வாய்க்கு வந்த கட்சியின் பெயரைச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.