அந்த நாளுக்குப் பின்

அரசு அச்சகத்தில் அவளுக்குப் ‘புள்ளி’ என்று பெயர். அரசிதழின் மெய்ப்பைத் திருத்துபவள். மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி விடுபட்டாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. எதிரே உட்கார்ந்து மூலப்படியை உரக்கப் படிப்பவருக்கு ‘ரேடியோ’ என்று பெயர். நில எடுப்போ உரிம ரத்தோ, எதைப் படித்தாலும் அவர் குரலில் ஏற்ற இறக்கமே இருக்காது. அவர் படிக்கப் படிக்க, அவள் சிவப்புப் பேனாவோடு அச்சுப்படியைப் பார்த்துக்கொண்டே வருவாள்.

மகளுக்கு ஆறு வயதானபோது, பள்ளி விடுமுறைக்குக் கணவன் குழந்தையைத் தன் அக்கா இருக்கும் வெளிநாட்டுக்கு அழைத்துப்போனான். இரண்டு வாரம் என்றுதான் பேச்சு. பதினைந்தாம் நாள் கைப்பேசியில் செய்தி வந்தது: ‘நாங்க இங்கேயே இருந்துக்கறோம். தேட வேண்டாம்.’ அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். படித்துவிட்டு, வாளியில் இருந்த மீதித் துணிகளையும் உலர்த்தினாள். மறுநாள் வேலைக்குப் போய் நாற்பது பக்கம் திருத்தினாள். ஒரு பிழைகூடத் தப்பவில்லை.

துணைக்கு வந்து தங்கிய தம்பிதான் அழுதான்.

“கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கியேக்கா. ஒரு பாட்டம் அழுதுடேன்.”

“வரலடா. வந்தா அழமாட்டேனா?”

குழந்தையைத் தாயிடம் ஒப்படைக்க வேண்டும் என்று குடும்ப நீதிமன்றம் மூன்றே மாதத்தில் உத்தரவிட்டது. பாதிக் கிணறு தாண்டிவிட்டோம் என்றான் தம்பி. உத்தரவை எடுத்துக்கொண்டு இருவரும் வெளியுறவு அலுவலகத்துக்குப் போனார்கள். ஐந்தாம் மாடியில் சட்டப் பிரிவு. அங்கிருந்த அதிகாரி, நடுவயதுப் பெண், அதைக் கடைசி வரி வரை படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“இது நம்ம எல்லை வரைக்கும்தாம்மா செல்லும். அங்க இது வெறும் காகிதம்.”

“அப்போ சர்வதேசச் சட்டம்னு ஒண்ணு சொல்றாங்களே மேடம், அது எதுக்கு இருக்கு?” என்றான் தம்பி.

“இருக்கு. ஆனா எல்லா நாட்டுக்கும் மேல உட்கார்ந்து அதட்டறதுக்குப் பெரியவர்னு யாரும் இல்ல. நாடுங்க ஒண்ணுக்கொண்ணு குடுத்துக்கிட்ட வாக்கு, அதுதான் பெரும்பாலும் அந்தச் சட்டம். இந்த மாதிரி கூட்டிட்டுப் போன பிள்ளையைத் திருப்பி அனுப்பணும்னு ஒரு ஒப்பந்தம் இருக்கு. நாம அதுல இருக்கோம். அவங்களும் போன வருஷம் சேர்ந்துட்டாங்க.”

“அப்புறம் என்ன?”

“அவங்க சேர்ந்ததை நாம இன்னும் ஏத்துக்கல. ஏத்துக்காத வரைக்கும் நம்ம ரெண்டு நாட்டுக்கும் நடுவுல அது செல்லாது. ஒரே கல்யாணத்துக்கு ரெண்டு குடும்பமும் வந்திருக்கு, ஆனா பேச்சுவார்த்தை கிடையாது. அப்படி வெச்சுக்குங்க.”

“இவங்க பேசிக்கிற வரைக்கும் குழந்தை வளராம நிக்குமா?”

“எப்போ ஏத்துப்பீங்க?” என்று மட்டும் அவள் கேட்டாள். அது அந்த அதிகாரிக்குத் தெரிந்திருக்கவில்லை.

அங்கேயே போய் வழக்குப் போடலாமென்று விசா கேட்டாள். இரண்டு முறை மறுத்தார்கள். தூதரகத்தால் முடிந்தது ஒன்றுதான். தகப்பன் சம்மதித்தால், ஓர் அலுவலர் வருடம் இரண்டு முறை குழந்தையைப் பார்த்து எழுதி அனுப்புவார். அவன் சம்மதித்தான். முதல் அறிக்கை அரைப் பக்கம். ‘குழந்தை நலம். முன்பற்கள் இரண்டு விழுந்துள்ளன. பள்ளியில் நீச்சல் பழகுகிறாள். தாயைப் பற்றிக் கேட்கவில்லை.’ ‘பழகுகிறாள்’ என்பதில் ழகரத்துக்கு ளகரம் விழுந்திருந்தது. திருத்திவிட்டுக் கோப்பில் வைத்தாள். அப்படிப் பத்து அறிக்கைகள் சேர்ந்தன.

ஐந்தாம் வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், வெளியுறவு அமைச்சின் அறிவிக்கை ஒன்று மேஜைக்கு வந்தது. அந்த நாடு ஒப்பந்தத்தில் சேர்ந்ததை ஏற்றுக்கொண்டாயிற்று. ரேடியோ படித்துக்கொண்டே போனார். “இவ்விரு நாடுகளுக்கிடையே ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும் நாளுக்குப் பின் கொண்டுசெல்லப்பட்ட குழந்தைகளுக்கு மட்டுமே இது பொருந்தும்.”

அச்சுப்படியில் ‘நாளுக்குப் முன்’ என்று இருந்தது. ‘ப்’ அப்படியே நிற்க, ‘பின்’ இருக்கவேண்டிய இடத்தில் ‘முன்’ உட்கார்ந்திருந்தது.

பேனா நகரவில்லை. ரேடியோ நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அவள் கதை முழுக்கத் தெரியும். எட்டி அச்சுப்படியைப் பார்த்தார்.

“விட்டுடு, புள்ளி,” என்றார். குரல் நடுங்கியது. “ஒரு வாரமாவது அப்படியே இருக்கட்டும்.”

அச்சுப்பிழையால் ஒப்பந்தம் மாறிவிடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஒரு வாரம், ஊரறிய அச்சான ஒரு தாளில், அவள் மகள் திரும்பி வரவேண்டிய குழந்தைகளில் ஒருத்தியாக இருப்பாள்.

“விட்டா அடுத்த வாரம் பிழைதிருத்தம் போடணும்,” என்றாள். “அதுவும் நம்ம மேஜைக்குத்தான் வரும்.”

‘முன்’னை அடித்தாள். ஓரத்தில் ‘பின்’ என்று எழுதினாள். “மேல படிங்க.”

அவர் படித்தார். அன்று மதியம் பசித்தது, சாப்பிட்டாள்.

மறுவருடம் அந்த ஒப்பந்தப்படி முதல் குழந்தை திரும்பி வந்தது. வேறொருத்தியின் மகன். அக்கா கண்ணில் படக்கூடாதென்று தம்பி செய்தித்தாளை ஒளித்துவைத்தான். அவள் பேருந்திலேயே படித்துவிட்டிருந்தாள்.

மகள் பதினெட்டு வயதில் தன் கடவுச்சீட்டில் தானே வந்தாள், ஒன்பது நாள் விடுப்பில். தாயைவிட ஒரு சாண் உயரம். பேச்சு தட்டுத்தடுமாறித்தான் வந்தது. ஆறு வயதில் விட்ட இடத்திலேயே தமிழ் நின்றுவிட்டிருந்தது. மூன்றாம் நாள் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

“அம்மா, நீ ஏன் வரல?”

விசா, ஒப்பந்தம், தேதி எல்லாவற்றையும் சின்னச் சின்னச் சொற்களில் சொல்ல முயன்றாள். பாதியில் நிறுத்தி, அறிக்கைக் கோப்பை எடுத்துக் கொடுத்தாள். மகளுக்கு எழுத்து மறந்துபோயிருந்தது. தம்பிதான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னான்.

“கேக்கலன்னு எழுதியிருக்காங்களா?” என்றாள் மகள். “அப்பா பக்கத்துல இருந்தார்.”

“ம்,” என்றாள் அவள். அப்போதாவது அழுகை வருமென்று தம்பி பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் போய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள்.

இப்போது ஞாயிறுதோறும் மகள் பேசுகிறாள், இருபது நிமிடம். குரல் ஒரு நொடி பிந்தித்தான் வருகிறது. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கிறார்.