நாலு விரல் துணி

மூன்று நாள் காய்ச்சல் விட்டு எழுந்த எங்ராசியாவின் கண் முதலில் தூணைத்தான் தேடியது. அதில் தறி இல்லை. முடிந்த துணி பாயில் மடித்துக் கிடந்தது.

"முடிச்சிட்டேன் அண்ணி!" புருஷனின் தங்கை நிக்கோலாசா பூரித்து நின்றாள். "நாலு விரல்தானே பாக்கி? இன்னிக்கு சங்கத்துல துணி காட்டற வியாழக்கிழமையாச்சே! என்ன, மூணு நாளா பொணமா கெடந்துட்டு இப்ப முழிக்கிறீங்க?"

எங்ராசியா துணியைக் கையில் எடுத்தாள்.

ஒரு முனையைத் தூணிலும் மறுமுனை வாரை இடுப்பிலும் கட்டி நெய்கிற தறி அது. நெய்கிறவள் பின்னால் சாய்ந்தால் பாவு நூல் இறுகும், முன்னால் வந்தால் தளரும். ஆளுக்கு ஆள் இழுப்பு மாறி அகலம் கெடும் என்பதால், ஒருத்தி தொடங்கிய பாவில் இன்னொருத்தி நெபாஹ் மலையூரில் உட்காரமாட்டாள். நிக்கோலாசாவுக்குப் பாசம் கண்ணை மறைத்துவிட்டது.

விரித்தாள். பச்சைக் குதிரைகளும் சிவப்புப் பறவைகளும் நிமிர்ந்து வந்து, கடைசி நாலு விரலில் நெருக்கியடித்து நின்றன.

துணி வாங்க வரும் தலைநகரத்து அம்மாள் இன்று தேர்ந்தெடுக்கும் பெண்களுக்கு வருஷம் முழுக்க வீட்டிலேயே நெசவு. மற்றவர்களுக்குக் காப்பித் தோட்டம்தான் கதி. போன வருஷம் அந்தத் தோட்டத்து மண்ணில்தான் எட்டு மாதக் குழந்தையைப் புதைத்தாள் எங்ராசியா. இப்போது வயிற்றில் ஐந்து மாதம்.

நெசவுச் சங்கத்தில் தலைவி தோமாசா, ரவிக்கையின் இரண்டு பாதிகளையும், எங்ராசியா முன்பே நெய்து முடித்ததையும் இதையும், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். இதன் ஒரு நுனி அகலத்தில் அரை விரல் குறைந்தது.

"இது உன் கை இல்லையேடி. யாரு உக்காந்தது?"

வாசலில் நிக்கோலாசாவின் முகம் வெளுத்தது.

"நான்தான்க்கா. காய்ச்சல்ல கை கோணிருச்சு," என்றாள் எங்ராசியா.

"பிரிச்சு நெய்யேன்."

"நாலு பக்கமும் கரை அடைச்சு, தறியிலேர்ந்து இறக்கியாச்சு. எங்கக்கா பிரிக்கிறது?"

தோமாசா உள்ளறையைப் பார்த்தாள். "அந்தம்மா அளவுகோலோட உக்காந்திருக்காங்க. நான் என்னடி செய்வேன்?" துணியை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் நிக்கோலாசா அழுதாள். "திட்டுங்க அண்ணி. ரெண்டு அறையாவது விடுங்க!"

"அறைஞ்சா அகலமாயிடுமா? வா."

சனிக்கிழமை விடிந்ததும் தோட்டத்து லாரி வந்தது. சோளமாவு, ரொட்டிக்கல், மாற்றுத் துணி எல்லாம் மூட்டையாயின. தறிக் கழிகளை நிக்கோலாசாவிடம் கொடுத்தாள். அந்தத் துணியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"அது எதுக்கு அண்ணி?"

எங்ராசியா அதை வயிற்றின்மேல் சுற்றிக்கொண்டாள். நெருக்கி நெய்த நாலு விரல் நுனி விறைத்து, முடிச்சில் நிற்கவில்லை. கையால் பிடித்தபடியே லாரியில் ஏறினாள்.