சூரிச்சுக்கு ஒன்றே முக்கால் மணித்தியாலம்

லண்டனிலிருந்து சூரிச் ஏறத்தாழ எண்ணூறு கிலோமீற்றர். பறக்கும் நேரம் ஒன்றே முக்கால் மணித்தியாலம். இணையத்தில் இதைப் பார்த்த நாளிலிருந்து என் வாய் அடங்கவில்லை. சூரிச் பக்கம் இருக்கும் தங்கச்சியின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு, அதாவது பூப்பு நீராட்டு. முதல் தண்ணீரைத் தாய்மாமன்தான் வார்க்க வேண்டும். அவளுக்கு நான் ஒரே ஓர் அண்ணன்.

"முதல் நாளே வாங்கோ அண்ணை," என்றாள் போனில்.

"விசரே உனக்கு? லண்டனுக்குள்ளயே கோலியர்ஸ் வுட்டில இருந்து ஈஸ்ட் ஹாமுக்கு நகை வாங்கப் போறதுக்கே அவ்வளவு நேரம் செல்லும். காலமை எட்டு மணிக்கு ஏறினா பத்துக்கு முன்னம் இறங்கிடுவன். முழுக்காட்டு பதினொன்றுக்குத்தானே?"

நான் வேன் ஓட்டிச் சாமான் விநியோகிப்பவன். எந்தப் பெட்டி எத்தனை மணிக்கு எந்த வாசலுக்குப் போகும் என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தத் திமிரில், டிக்கெட்டில் அச்சிட்டிருந்த இறங்கும் நேரத்தைப் பார்க்கவில்லை. எட்டோடு ஒன்றே முக்காலைக் கூட்டிவிட்டு நிம்மதியாக உறங்கினேன்.

விமானம் ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லை. இறங்கியதும் தங்கச்சி அழைத்தாள்.

"அண்ணை, எங்க நிக்கிறியள்?"

"இறங்கிட்டன். பத்தாக இன்னும் கால் மணித்தியாலம் கிடக்கு. ஆறுதலா வாறன்."

"பதினொன்றாக எண்டு சொல்லுங்கோ! சுவிஸ் ஒரு மணித்தியாலம் முன்னுக்கெண்டு தெரியாதே?"

தெரியும். பதினைந்து வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் அவளை அழைக்கும்போது, அங்கே ஒரு மணித்தியாலம் கூட என்று நினைத்துத்தான் அழைக்கிறேன். போனுக்குத் தெரிந்த கணக்கு பிளேனுக்குத் தெரியவில்லை.

மண்டபத்துக்கு ரயிலில் ஒரு மணித்தியாலம். ஐயர் குறித்த நல்ல நேரம் பதினொன்றே முக்காலோடு சரி. பாதி வழியில் வீடியோ அழைப்பு வந்தது. மச்சானின் தம்பி எனக்குப் பதிலாக ஒரு கையில் செம்பும் மறுகையில் என் முகம் தெரியும் போனுமாக நின்றார்.

"அத்தான், நீங்களும் கையைத் தூக்குங்கோ!" என்றார்.

தூக்கினேன். மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காத அந்தப் பெட்டியில், வேட்டி கட்டிய ஒருவன் எழுந்து நின்று வெறுங்கையால் காற்றை ஊற்றினான். எதிரே இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி தன் பையை மடிக்கு எடுத்துக்கொண்டார்.

மண்டபத்தை அடைந்தபோது பந்தி தொடங்கியிருந்தது. வந்தவர்கள் எல்லோரும், "லண்டன் எவ்வளவு தூரம் அண்ணை?" என்று மிக அன்பாக விசாரித்தார்கள். தங்கச்சி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. என் இலையில் வடையை வைத்துவிட்டு, முகம் பார்க்காமல் அடுத்த இலைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வடை எங்கே இறங்கும்?

மருமகள் மேடையிலிருந்து பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்தபடி இறங்கி வந்தாள். மேசையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை என்னிடம் நீட்டித் தலையைத் தாழ்த்தினாள்.

"மாமா, இப்ப ஊத்துங்கோ. கொஞ்சமா."

போத்தலை அவள் உச்சியில் சரித்தேன். நாலு துளி விழுவதற்குள் பின்னாலிருந்து தங்கச்சியின் குரல் வந்தது.

"அண்ணை, மெல்ல! அந்தத் தலை அலங்காரம் இப்பதான் முடிஞ்சது."

திட்டித்தான் சொன்னாள். ஆனால் என்னிடம் சொன்னாள். நான் இலைக்குத் திரும்பி வடையை எடுத்தேன்.