பலகையில் மாட்டாத தகடு

இரண்டு வருடங்களுக்கு முன், சித்திரை வெயிலில், மயிலாடிக்கு அப்பால் ஒரு கல்குவாரியில் நடந்தது இது.

நாகர்கோவிலை ஒட்டிய ஒரு சிறிய அரசுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் நடத்துகிறேன். சுரங்க வேலை கற்றுத்தரும் பள்ளியாகத் தொடங்கி வளர்ந்தது அது. இன்றும் அங்கே சுரங்கப் பிரிவுதான் மூத்த பிள்ளை. அவர்கள் எங்கே போனாலும் மாணவிகளுக்குத் துணையாக ஒரு பெண் ஆசிரியை வேண்டும். அந்தப் பிரிவில் ஒருவரும் கிடையாது. இளிச்சவாய் நான்தானே! வருடா வருடம் என் தலையில்தான் விழும்.

பழைய சுரங்க வழக்கம் ஒன்றை அவர்கள் விடவில்லை. குவாரிக்குள் இறங்குகிறவர்கள் மேலே வைத்திருக்கும் ஆணிப் பலகையிலிருந்து ஆளுக்கொரு பித்தளைத் தகடு எடுத்துக்கொள்ள வேண்டும். மேலே வந்ததும் திரும்ப மாட்ட வேண்டும்; ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே என்று கணக்கு. எனக்கு அது சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தோன்றும். அன்றும் ஒன்றை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அன்று தாங்க முடியாத தலைவலி. மாத்திரை போட்டுக்கொண்டு, அடுக்கி வைத்திருந்த கற்களின் நிழலில் சாய்ந்தவள் அசந்து தூங்கிவிட்டேன். வெடி போடும் நேரமாகி, விசில் ஊதி எல்லோரையும் மேலே அழைத்திருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

பலகையில் ஒரு ஆணி காலியாக இருந்ததாம். கூட வந்த சுரங்கப் பிரிவுப் பேராசிரியர் பஸ்ஸைப் பார்க்கப் போயிருந்தார். மேடம் தகட்டோடு டீ குடிக்கப் போயிருப்பார் என்று சொல்லி, குவாரி மேஸ்திரி வெடி போடக் கிளம்பிவிட்டார். தேங்காய்ப்பட்டணத்துப் பெண் ஒருத்தி குறுக்கே போய் நின்றிருக்கிறாள். கடைசி பெஞ்சுக்காரி, அவள் பெயர்கூட எனக்குச் சட்டென்று வராது.

“ஒரு ஆளு கொறவு அண்ணே! மேடத்துக்க தகடு வரல்ல. அது வராம வெடி போடப்பிடாது!”

அதட்டியும் அவள் நகரவில்லையாம். கடைசியில் மேஸ்திரியையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். தோளைப் பிடித்து உலுக்கியபோதுதான் கண் விழித்தேன்.

“எங்க போயி கெடந்தீங்க மேடம்? விளிச்சு விளிச்சு தொண்ட போச்சு!” அழுதுகொண்டே திட்டினாள்.

மேலே வந்து நின்று பார்த்தேன். வெடித்த பாறை, நான் படுத்திருந்த இடத்தில்தான் சரிந்து விழுந்தது. அவளைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போதும் வேலை முடிந்து பஸ்ஸில் சரிந்து உட்காரும்போது, நாளைக்கு நான் வராவிட்டால் யாருக்கு என்ன என்று அலுப்பாக இருக்கும். ஒரு ஆள் குறைகிறது என்று அந்தப் பெண் மறித்து நின்றதை நினைத்துக்கொள்கிறேன். அலுப்பு போவதில்லை, ஆனாலும் மறுநாள் காலையில் கிளம்பிவிடுகிறேன்.