மணல் காட்டிக்கொடுத்த கேக்

எங்கள் பெரியப்பா தையல்காரர். ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைப்பவருக்குத் தன் வாய்க்கு மட்டும் அளவு வைக்கத் தெரியாது. சர்க்கரை நோயால் இடது காலின் சுண்டுவிரலை எடுத்த பிறகும் கிரீம் கேக் என்றால் உயிர். இன்னொரு புண் வந்தால் பாதமே போய்விடும் என்று டாக்டர் கண்டித்தார். பெரியப்பா நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு மறுநாளே பேக்கரிக்குப் போனார்.

பேக்கரிக்குப் போகக் கடற்கரை மணலைக் கடக்க வேண்டும். அதுதான் வில்லங்கம். அந்த மணல் காய்ந்திருக்கும்போது கால் வைத்தால் போதும், கீச்சென்று கத்தும். வெளியூர்க்காரர்கள் அதில் குதித்துக் குதித்து மகிழ்வார்கள். பெரியப்பாவுக்கோ அது பெரியம்மா வைத்த ஒற்றன்.

பெரியம்மா வெளிச்சத்துக்காக ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சட்டைகளுக்குப் பட்டன் வைப்பார். ஜன்னலுக்கு வெளியே கடற்கரை. விரல் போன காலைப் பெரியப்பா சாய்த்து வைப்பதால் வலது கால் 'கீச்' என்றால் இடது கால் 'கீ...' என்று இழுக்கும்.

"நூல் வாங்கப் போறேன்னு சொன்னீங்க. நூல் கடை அந்தப் பக்கம்!" என்று ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே குரல் கொடுப்பார்.

பெரியப்பா சும்மா இருப்பாரா? மீந்துபோன பேன்ட் துணியில் பஞ்சு அடைத்துக் காலுறை தைத்து மாட்டிக்கொண்டு நடந்தார். அதுவரை நாய்க்குட்டி மாதிரி கத்திய மணல் அதன் தாய் மாதிரி குரைத்தது. பிறகு பூவாளியோடு கிளம்பி, தண்ணீர் தெளித்துத் தெளித்து ஈரத்தில் கால் வைத்துப் போனார். ஈர மணல் வாய் திறக்காதுதான். ஆனால் பாதி வழியில் வாளி காலி.

"என்னண்ணே, மணல்ல என்ன வெதச்சிருக்கீங்க?" என்று ஒரு மீன்காரர் போட்ட சத்தத்தில் பெரியம்மா வாசலுக்கே வந்துவிட்டார்.

மழைதான் பெரியப்பாவுக்குக் கைகொடுத்தது. மழை வந்தால் தெருவே துணி எடுக்க ஓடும். பெரியப்பா கேக் தின்ன ஓடுவார்.

போன மாதம் நல்ல வெயில். ஆசை கண்ணை மறைக்க, மழைக்குக் காத்திராமல் கிளம்பிவிட்டார். மணல் கத்திய கத்தலில் மாடியில் இருந்த எனக்கே தூக்கம் கலைந்தது. பெரியம்மாவிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை. ஜெயித்த களிப்பில் கேக்கை முடித்துக்கொண்டு, உதட்டில் கிரீமோடு திரும்பி வந்தவர் ஜன்னலடியில் வேண்டுமென்றே குதித்தார். பெரியம்மா திரும்பவில்லை.

"ஏய்!" என்றார். பெரியம்மா பாட்டுக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பாவின் முகம் சுருங்கிப்போனது. இனி எத்தனை கேக் தின்றாலும் கேட்க ஆள் இல்லை. அதை நினைத்துத்தான் மனுஷன் வெயிலில் அப்படியே நின்றார்.

அப்புறம் உள்ளே போய், பெரியம்மாவின் எதிரே நின்று, தெருவே கேட்கக் கத்தினார். "நான் கேக் தின்னுட்டேன்!"

பெரியம்மா திடுக்கிட்டு ஊசியைக் கீழே போட்டார். "எதுக்குக் கத்துறீங்க? நான் என்ன செவிடா? நீங்க போறப்பவே மணல் சத்தம் கேட்டுச்சு."

"ஆமாமா, உன்கிட்டேருந்து தப்ப முடியுமா?" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா ஊசியைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

இப்போது தினமும் மணலில் மிதித்து மிதித்து நடந்துவிட்டு வந்து, "தின்னுட்டேன்!" என்று கத்துகிறார். "கேட்டுச்சு, கேட்டுச்சு! கால் போனாத்தான் புத்தி வரும் உங்களுக்கு!" என்று பெரியம்மா பொரிந்து தள்ளுகிறார். பெரியப்பா அதைத் தலைகுனிந்து வாங்கிக்கொள்கிறார்.

நேற்று பேக்கரிக்காரர் என்னை வழிமறித்தார். "ஏம்மா, உங்க பெரியப்பாவுக்கு உடம்பு சரியில்லையா? ஒரு மாசமா கடைப்பக்கமே வரலையே!"