கதவின் அகலம்

முரசுமோட்டையில் எங்களுக்கு வீடு கட்டத் தொடங்கியபோது தம்பி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: குளியலறைக்கு அவன் தனியாகப் போய்வர வேண்டும். பதினாறு வயதில் ஷெல் பட்டு முதுகெலும்பு போனவன். அன்றிலிருந்து நடையில்லை, சில்லுக் கதிரைதான். குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போவது நான். மீசை வைத்த ஆம்பிளை, அக்காவின் கையில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடப்பான்.

மேசன் கட்டாரில் வேலை செய்துவிட்டு வந்தவர். கையில் சின்ன லேசர் மீற்றர். பொத்தானை அமத்தினால் எதிரே சிவப்புப் புள்ளி விழும், திரையில் அளவு வரும். "அக்கா, இது பிழைக்காது" என்றார். தம்பி நம்பவில்லை. கதிரையில் இருந்து சில்லுகளைப் பிடித்தபடி, வெளியே துருத்தும் கைமுட்டிகளுக்கும் சேர்த்து ஒரு பூவரசந் தடியை அளந்து வெட்டுவித்தான். "கதிரை மட்டும் போனாக் காணாது. என்ர கையும் போகவேணும்."

சுவர் எழும்பிய அன்று தடியை வாசலுக்குக் குறுக்கே பிடித்தான். போகவில்லை. நாலு விரல் குறைவு. மேசன் திரும்பத் திரும்ப அளந்தார், திரை பழைய அளவையே காட்டியது. கடைசியில் இரும்பு நாடாவைப் போட்ட பிறகுதான் விளங்கியது. மீற்றர் தன் பின்விளிம்பிலிருந்து கணக்கெடுக்கிறது. இவரோ முன்விளிம்பைச் சுவரின் ஓரத்துக்கு நேராக வைத்துப் பிடித்திருக்கிறார். அது தன் உடம்பையும் வாசலோடு சேர்த்து அளந்திருக்கிறது.

"கோதாரி பிடிச்ச மெசின்! அதில பிழையோ உங்களில பிழையோ, எனக்குத் தெரியாது. உடையுங்கோ சுவரை!" என்று கத்தினேன். மேசன் சுத்தியலை எடுத்து உடைத்தார்.

"விடுங்கோ அக்கா, அந்தாள் பாவம்" என்று தம்பி சிரித்தான்.

குடிபுகுந்த மறுநாள் அவன் தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டபடி வெளியே நின்று அழுதேன். "அங்கால போங்கோ அக்கா!" என்று உள்ளிருந்து ஏசினான்.

ஒரு மாரிகூட அவன் அந்த வீட்டில் இருக்கவில்லை. படுக்கைப்புண் காய்ச்சலாகி, கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் போய்விட்டான்.

சவப்பெட்டி எடுக்கப் போன மேசன், கடையிலிருந்து எனக்கு ஃபோன் எடுத்தார். "அக்கா, தம்பியின்ர உயரம் எவ்வளவு? பெட்டிக்கு நீளம் கேக்கினம்."

அவன் அகலம் எனக்கு அரை அங்குலம் பிசகாமல் தெரியும். கை எட்டும் உயரம் தெரியும். ஆனால் பதினாறு வயதுக்குப் பிறகு அவன் நின்று ஒருவரும் பார்த்ததில்லை. தூக்கும்போதும் கால்கள் மடங்கியே இருக்கும்.

"தெரியாதப்பா" என்றேன். "அதுக்குப் பிறகு அவன் வளந்தவனோ எண்டுகூட எனக்குத் தெரியாது."