பூசைக்கு அடித்த பெயிண்ட்

அருங்காட்சியகம் என்று பெரிதாகச் சொல்லிக்கொண்டாலும், அது மூடிக்கிடந்த பால் சொசைட்டியின் இரண்டு அறைகள்தான். வெள்ளையடித்து, ஊர்ச் சாமான்களை வாங்கி அடுக்கி, ஞாயிறுதோறும் திறந்து வைத்தவர்கள் நானும் ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவரும். அவர் படித்தவர். நான் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருடம் பெயிண்ட் அடித்தவன். துருவைக் கண்டால் என் கை சும்மா இருக்காது.

"கொடுத்தது கொடுத்தபடியே இருக்கோணும். தூசி தட்டுங்க, அதுக்கு மேல கை வெக்காதீங்க" என்று டீச்சரம்மா முதல் நாளே சொன்னார். பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன்.

புரட்டாசியில் அவர் மகளின் பிரசவத்துக்கு ஓமலூர் போயிருந்தபோது, தோட்ட வேலைக்குப் போகும் ஓர் அம்மா தகர டூல்ஸ் பெட்டி ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். போர்வெல் போடும் ரிக் வண்டியில் வடக்கே போன அவருடைய ஒரே மகன் அங்கேயே விபத்தில் செத்துப்போனான். கூடப் போனவர்கள் உடம்போடு இந்தப் பெட்டியையும் கொண்டுவந்திருக்கிறார்கள்.

மூடியைத் திறந்து காட்டினார். உள்பக்கம் முழுக்கப் பேனா எழுத்து.

"பையன் என்னமோ எழுதி வெச்சிருக்கானுங்க சாமி. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. ஊருக்குள்ள யாருகிட்டயும் காட்ட மனசு வரலீங்க. நீங்க படிச்சுச் சொல்லுங்க."

என் கண்ணாடி வீட்டில் இருந்தது. "அடுத்த வாரம் வாங்கம்மா. நிதானமாப் படிச்சுச் சொல்றனுங்க" என்றேன். அவர் பெட்டியை வைத்துவிட்டுப் போனதையும், உள்ளே எழுத்து இருப்பதையும் அன்றைக்கே டீச்சரம்மாவுக்குப் போனில் சொன்னேன். கடலைக்காய் பறிப்பு நேரம், அடுத்த வாரம் அவர் வரவில்லை. நானும் மறந்துபோனேன்.

ஆயுத பூசை வந்தது. இந்தப் பக்கம் லாரியோ ரிக்கோ ஸ்பேனரோ, கழுவிப் பெயிண்ட் அடித்துப் பொட்டு வைத்தால்தான் பூசை. பெட்டியை உப்புத்தாள் போட்டுத் துரு போகத் தேய்த்தேன். உள்பக்கத்தை விட்டால் அரைகுறை வேலை என்று பட்டறையில் திட்டு வாங்கி வளர்ந்தவன் நான். மூடியின் உள்ளேயும் தேய்த்தேன். அப்போதும் கண்ணாடி போடவில்லை. எழுத்து இருந்த நினைவே இல்லாமல், ஏதோ கறை என்றே நினைத்தேன். நீலத்தில் இரண்டு கோட்டிங், மேலே சந்தனம், குங்குமம். ஜம்மென்று இருந்தது. பெருமையாகப் படம் எடுத்து டீச்சரம்மாவுக்கு அனுப்பினேன்.

உடனே போன் வந்தது.

"உள்ள எழுத்து இருக்குதுன்னு சொன்னீங்களே, படிச்சு எழுதி வெச்சுட்டீங்களா?"

படிக்காமலே தேய்த்து அழித்துவிட்டதைச் சொன்னேன்.

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க" என்றார். பிறகு குரல் இறங்கி, "அந்தம்மா வந்தா, 'அம்மா, நல்லா இருக்கிறயா'ன்னு எழுதியிருந்துச்சுன்னு சொல்லிருங்க. பொய்யானாலும் பாவமில்ல" என்றார்.

அந்த வாரம் முழுக்க அந்தப் பொய்யைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா துவைத்த சேலை கட்டி, வேகவைத்த கடலைக்காய் ஒரு பை கொண்டுவந்தார். "கண்ணாடி கொண்டாந்தீங்களாங்க சாமி?" என்றார்.

கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்து என்னால் பொய் சொல்ல முடியவில்லை. அழித்துவிட்டேன், ஒரு வரிகூடப் படிக்கவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். செத்தே போகலாம் போலிருந்தது.

அவர் திட்டவில்லை. பெட்டியைத் திறந்து, மூடியின் உள்பக்கத்தை உள்ளங்கையால் மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

"அவனும் வருசா வருசம் பூசைக்கு நீலந்தானுங்க அடிப்பான்" என்றார்.

மூடியைச் சாத்தினார்.

"வெளிய மட்டுந்தானுங்க அடிப்பான்."